ஆச்சியின் பேர்

முட்டைக்கோசைப் பார்க்கவா இம்புட்டுக் கூட்டம் என்று செண்பகம் வாய்விட்டுக் கேட்ட அந்த நிமிஷத்தில்தான் உலகநாதனுக்கு அது நடந்தது. நடந்தது என்று சொல்வதே தப்பு. ஒன்றும் நடக்கவில்லை, இருந்த ஒன்று இல்லை, அவ்வளவுதான், மூக்குக் கண்ணாடிக்காகச் சட்டைப் பையில் கையை விட்டால் பை காலியாக இருக்கிற மாதிரி. தைப்பே நகரத்தின் மலைச்சரிவில் ஒரு பெரிய சீன ஓவிய, சிற்ப அருங்காட்சியகம், சனிக்கிழமை காலை பதினொரு மணி, பச்சைக் கல்லில் செதுக்கிய ஒரு முட்டைக்கோசைப் பார்க்க இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், அந்த இருநூறில் ஐந்து பேர் பாளையங்கோட்டைக்காரர்கள். முன்னால் இந்த ஊரில் வேலை பார்க்கிற மகன் குமரகுரு, போனைப் பார்த்து இது எந்த ராஜா காலத்துக் கோசு என்று படித்துச் சொல்லிக்கொண்டு வருகிறான். அவனுக்குப் பின்னால் மருமகள் பவானி, தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் அடைத்த பையோடு. அதற்குப் பின்னால் செண்பகம், நாற்பத்து நாலு வருஷமாக உலகநாதனின் பெண்டாட்டி, முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் நிற்கத் தெரிந்தவள். கடைசியில் உலகநாதன். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பேத்தி, ஏழு வயசு, முன்பல் இரண்டு விழுந்தவள். வாசலில் பிள்ளைகளுக்கென்று வட்டமாக ஒரு ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள், பேரை எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ள. அவள் சீன எழுத்தில் மூன்று கட்டம் எழுதி ஒட்டியிருந்தாள். இது என்னம்மா என்று கேட்டார். "ஸ்கூல் பேரு தாத்தா, டீச்சர் வச்சது." ஓஹோ, இது ஸ்கூல் பேரு, அப்போ நம்ம பேரு, என்று மனசுக்குள் அடுத்த வார்த்தையை எடுக்கப் போனார். அங்கே வார்த்தை இல்லை.

வந்துவிடும் என்று விட்டார். பேர்தானே, எங்கே போய்விடப் போகிறது. தேடினால் ஒளியும், சும்மா இருந்தால் தானாக வந்து நிற்கும். போன மாசம் ஊரில் பால்காரன் பேர் அப்படித்தான் மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது வந்தது, ஈரத்தலையோடு "ஏ, இசக்கிதாசா" என்று குளியலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அதனால் இப்போது கோசைப் பார்த்தார். வரிசை நகர்ந்து நகர்ந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்துவிட்டது, உள்ளங்கை அகலம்கூட இல்லை, தண்டு வெள்ளை, இலை பச்சை. "இதுக்குத்தானா? பாளை மார்க்கெட்டுல இதைவிடப் பெரிசு கெடக்கு, இலையில பூச்சிகூட இருக்கும்" என்றாள் செண்பகம். "இதுலயும் பூச்சி இருக்கு பாட்டி, ரெண்டு" என்று பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்திக் காட்டியது. இருந்தது, வெட்டுக்கிளி மாதிரி, கல்லிலேயே. எல்லாரும் குனிந்து பூச்சியைத் தேட, உலகநாதன் பேரைத் தேடினார். சும்மா இருக்க முடிந்தால்தானே. இந்த வீட்டில் அந்தப் பிள்ளையை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதுதான் வினை. அவளுக்கு வைத்தது உலகநாதனைப் பெற்றவளின் பேர். மாமியார் பேரை மருமகள் சொல்வாளா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செண்பகம் வாயில் அந்தப் பேர் ஒரு தடவை வந்ததில்லை. பிள்ளை பிறந்த புதிதில் பவானி ஆசையாகப் பேரைச் சொல்லி வாடி போடி என்று கொஞ்சினாள், அப்போது செண்பகம் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "அத்தை பேரை வாடி போடின்னு ஏலம் போடவா வச்சோம்?" அன்றோடு சரி. செண்பகத்தின் மாமியார் குமரகுருவுக்கு ஆச்சி; அந்த ஆச்சி பேரை வைத்த பிள்ளை, ஆகவே இவளும் ஆச்சி. பாட்டி பேத்தியை ஆச்சி என்பாள், அப்பன் மகளை ஆச்சி என்பான், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உலகநாதனுக்கும் பெற்ற அம்மா பேரைச் சொல்லி அதட்ட மனசு வராது, ஆச்சி என்றே பழகிவிட்டார். பழகியதில் பேர் எங்கேயோ அடியில் போய்விட்டது. இதை நினைத்துக்கொண்டே பூச்சியின் மீசையைப் பார்த்தவருக்குச் சட்டென்று உறைத்தது. ஐயையோ, அப்படியென்றால் பேத்தி பேர் மட்டும் இல்லை, பெற்ற அம்மா பேரும் அல்லவா போய்விட்டது.

கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று யாரும் சொல்லலாம். சொல்கிறவர்களுக்கு என்ன. செவ்வாய்க்கிழமை தயிர் வாங்கக் கீழே போனவர் திரும்பி லிஃப்டில் ஏறி, எத்தனாவது மாடி என்று தெரியாமல் நின்றார். பதினொன்றா, ஒன்பதா, ஏழா. அமுக்கினார், கதவு திறந்தது, வேற்று வாசல், மறுபடி அமுக்கினார். நாய்க்குட்டி வைத்திருந்த ஒரு பெண் அவரை மூன்று தடவை அதே லிஃப்டில் பார்த்துவிட்டுக் காவல்காரரிடம் சொல்லி, அவர் குமரகுருவுக்குப் போன் போட்டு, பெரிய கூத்தாகிவிட்டது. சும்மா காத்து வாங்கப் போனேன் என்றார் உலகநாதன், தயிர்ப் பாக்கெட் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. லிஃப்டுக்குள் என்ன காத்து? புதன்கிழமை காலையில் குளியலறைக்குள் இருந்தபோது வெளியே குமரகுரு சொன்னது கேட்டது. "சாயங்காலம் ஆச்சியை அப்பாகூடத் தனியா அனுப்புறது இனிமே சரிப்படாது பவானி." அதற்குப் பவானி, "சனிக்கிழமை வெளிய போறோம்ல, கூட இருந்து பாப்போம். சட்டுனு நிறுத்துனா மாமாவுக்கு மனசு ஒடிஞ்சிரும்" என்றாள். நல்ல பிள்ளை அவள், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வார்த்தையிலிருந்து உலகநாதனுக்குச் சனிக்கிழமை என்றால் பரீட்சை. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறு மணி, கீழே பூங்காவில் அவள் ஊஞ்சல் ஆடுவாள், அவர் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணுவார், நூறு ஆனதும் இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கடல் தாண்டி வந்தது என்றுகூடச் சொல்லலாம். பேத்தி பேரே தெரியாத ஆளிடம் பேத்தியை யார் விடுவார்கள்? அவரே விட மாட்டார். இன்றைக்கு வீடு போய்ச் சேருவதற்குள், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமல், அந்தப் பேரை எடுத்துவிட வேண்டும்.

மாடியில் படங்கள். இருட்டாக, குளிராக, கோயில் கருவறைக்குள் நுழைந்த மாதிரிப் பேச்செல்லாம் தணிந்துவிட்டது. சுவரில் நீளநீளமான துணி, துணியில் மலை, மலைக்கு நடுவில் ஒன்றும் இல்லை, ஒன்றுமில்லாததற்குக் கீழே ஒரு பாலம், பாலத்தில் எறும்பளவுக்கு ஒரு மனுசன் கம்பு ஊன்றிப் போகிறான். "இந்தத் தாத்தா எங்க போறாரு தாத்தா?" என்றாள் பேத்தி. அவருக்கே தெரியாதும்மா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போறாரு என்றார். "இங்க ஏன் வரையாம விட்டுட்டாங்க?" "நீதான் சொல்லேன்." "மேகமாம். டீச்சர் சொன்னாங்க. மலை இருக்கும், தெரியாது." மலை இருக்கும், தெரியாது. சரிதான். அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றால் தலை சுற்றியது, கண்ணை நகர்த்தினார், அப்போதுதான் முத்திரைகளைக் கவனித்தார். மேலே, கீழே, ஓரத்தில், மலை உச்சியில்கூட, சிவப்புச் சிவப்பாகச் சதுரம் சதுரமாகக் குத்தி வைத்திருக்கிறார்கள். யார் இந்த அக்கிரமம் பண்ணியது என்று மகனிடம் கேட்டார். குமரகுரு படித்துச் சொன்னான்: படம் யார் யார் கையில் இருந்ததோ அவரவர் தன் பேரை முத்திரையாகக் குத்திவிடுவார்களாம், ராஜாக்கள்கூட. உலகநாதனுக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. "அப்போ வில்லங்கச் சான்று தனியா வாங்க வேண்டாம், எல்லாம் இதுலயே இருக்குன்னு சொல்லு!" பவானிகூடச் சிரித்தாள். முப்பத்தொரு வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் இருந்த மனுசன், முத்திரையைக் கண்டால் கை பரபரக்காதா. இரண்டு நிமிஷம் எல்லாம் நன்றாக இருந்தது. சிவப்பு மை, ஸ்டாம்பு திண்டு, பெருவிரலைப் பிடித்து உருட்டி அமுக்குவது, எழுதிக் கொடுப்பவர் யாரு, முன்னால வாங்க, உங்க பேரைச் சொல்லுங்க, மனசறிஞ்சுதான் கையெழுத்துப் போடுதீங்களா. உங்க பேரைச் சொல்லுங்க. அங்கே போய்க் கால் இடறிற்று. மூலைக்கரைப்பட்டியிலிருந்து வந்த அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்துவிட்டார், வரக் கூடாத நேரம் பார்த்து. பச்சைச் சால்வை, இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள். பேரைச் சொல்லுங்கய்யா என்றார் உலகநாதன். பெரியவர் சிரித்தார். பேரு, உங்க பேரு. மறுபடியும் அதே சிரிப்பு, நல்ல சிரிப்பு, விருந்துக்கு வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. மூத்த மகன் எடுத்துக் கொடுத்தான். நீங்க சொல்லக் கூடாது, அவரு வாயால வரணும், சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று சட்டமாகச் சொல்லித் திருப்பி அனுப்பியவர் யார்? இதே உலகநாதன்தான். சட்டம் அது, தப்பில்லை. ஆனால் படியிறங்கும்போதும் அந்தப் பெரியவர் திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டே போனாரே, அந்தச் சிரிப்பு என்னத்துக்கு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. சிரித்தால் கொஞ்ச நேரம் கிடைக்கும், அதுக்குத்தான்.

அப்புறம் மதியம், அருங்காட்சியகத்துச் சாப்பாட்டுக் கடையில் சைவம் எது என்று பவானி ஒவ்வொன்றாக விசாரித்து வாங்கி வந்த காய்கறிச் சோறு. அவர் சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மனசு வேறு வேலையில் இருந்தது. முதலில் அ ஆ வரிசையில் போய்ப் பார்த்தார், அன்னத்தாய், ஆவுடை, இசக்கியம்மாள், உலகம்மாள், ஒவ்வொரு பேரும் நானா நானா என்று முகத்தைக் காட்டிவிட்டு இல்லை என்று போனது. அப்புறம் கோயில் வழியாகப் போனார். அம்மா பேர் அம்மன் பேர்தான், அது மட்டும் நிச்சயம், திருநெல்வேலிக் கோயிலில் இருக்கிறாளே அவள் பேர். சாமி சன்னதியில் தொடங்கினார்: நெல்லையப்பர், தடங்கல் இல்லாமல் வந்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து சங்கிலி மண்டபத்தில் நடந்தார், நீள மண்டபம், கால் அடியில் கல் குளிர்ந்தது, இரண்டு பக்கமும் தூண், கிளி கத்துகிறது, மல்லிகைப்பூக்காரி, நேரே அம்மன் சன்னதி, விளக்கு, மூக்குத்தி, பச்சைப் பட்டு, அர்ச்சகர் தட்டை நீட்டி வாயைத் திறக்கிறார், என்னமோ சொல்லித்தான் அர்ச்சனை பண்ணுகிறார், சத்தம் இல்லை. திரும்பவும் சாமி சன்னதியிலிருந்து நடந்தார். திரும்பவும் அர்ச்சகர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. சரி, வேறு வழி. முன்னொரு தடவை ஊர் வீட்டுக்கு ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்த வாத்தியார் வீட்டிலிருக்கிறவர்கள் பேரெல்லாம் கேட்டு எழுதினார், மாமியார் பேர் என்ன என்று செண்பகத்தைக் கேட்டார், உலகநாதன் உள்ளறையில் முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் வேண்டுமென்றே வெளியே வரவில்லை, இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று கண்ணாடியில் பார்த்தார். செண்பகம் வாயைத் திறக்கவில்லை, சுவரில் எதையோ கையால் காட்டினாள், வாத்தியார் பார்த்துச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்தக் கை தெரிகிறது, ஈரக் கை, இரண்டு பிளாஸ்டிக் வளையல். கையைப் பிடித்துக்கொண்டே சுவருக்குப் போனால் சுவர் தெரிகிறது, சுண்ணாம்பு உதிர்ந்த இடம் தெரிகிறது, காலண்டர் தெரிகிறது, காலண்டரில் ஒரு பொம்பளைச் சாமி தெரிகிறது, கீழே பேர் அச்சடித்திருக்கிறது. சவரக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக இருக்கிறது, படிக்க முடியவில்லை. "என்ன யோசனை? சோறு ஆறுது" என்றாள் நிஜச் செண்பகம், எதிரே உட்கார்ந்து, அவரையே பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள்? காலையில் கிளம்பும்போது வீட்டு விலாசம் எழுதிய சீட்டு ஒன்றை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாளே, எல்லாருக்கும்தான் வைக்கேன் என்றாளே, வேறு யாருக்கும் வைத்ததாகத் தெரியவில்லையே. அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிள்ளையிடமே வாங்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, அடடா, இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை. மற்றவர்கள் பின்னால் வர, படியில் இறங்கும்போது விளையாட்டு மாதிரி, "எங்க, ஆச்சி பேரு என்ன, தாத்தாவுக்குச் சொல்லு பாப்போம்?" என்றார். "ஆச்சி!" என்றாள். "அது இல்லம்மா, முழுப் பேரு." ஸ்டிக்கரைக் காட்டிச் சீனத்தில் மூன்று சத்தம் போட்டாள், மணி அடித்த மாதிரி. "அதுவும் இல்ல, நம்ம ஊர்ப் பேரு." அவள் நின்றுவிட்டாள், ஓட்டைப் பல்லைக் காட்டி, "நீங்க சொல்லுங்க. நீங்கதானே வச்சீங்க, அம்மா சொன்னாங்க, எங் காதுல மூணு தடவை சொன்னீங்கன்னு" என்றாள். சொன்னார்தான். பாளையங்கோட்டை வீட்டில், நடுக்கூடத்தில், முப்பதாம் நாள். மடியில் அவள், வலது காது, காதோரம் பூனைமயிர், விளக்கெண்ணெய் வாசனை, குனிந்து மூன்று தடவை சொன்னார், பெற்றவள் பேரை வாழ்நாளில் முதல்முதலாக வாய்விட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். எல்லாம் இருக்கிறது. எண்ணெய் வாசனைகூட இருக்கிறது. உதடு குவிந்ததா விரிந்ததா என்று அங்கேயே படியில் நின்று உதட்டை அசைத்துப் பார்த்தார். "மாமா, என்ன ஆச்சு?" என்று பவானி பின்னாலிருந்து கேட்டாள், கேட்டது லேசாகத்தான், ஆனால் இரண்டு படி வேகமாக இறங்கி வந்து பிள்ளையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். பார், பரீட்சையில் ஒரு மதிப்பெண் போய்விட்டது. "ஒண்ணுமில்லம்மா, ஆச்சியோட விளையாட்டு" என்றார். சிரித்தார். நல்ல சிரிப்பாகத்தான் சிரித்தார், மூலைக்கரைப்பட்டிச் சிரிப்பு.

இரவுச் சந்தைக்குப் போனபோது வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை. தெரு முழுக்க விளக்கு, தள்ளுவண்டி, எண்ணெய்ப் புகை, திருவிழாக் கூட்டம், ஆனால் எந்தச் சாமிக்கு என்று தெரியாத திருவிழா. புளித்த வாடை ஒன்று குப்பென்று அடித்தது, செண்பகம் முந்தானையால் மூக்கைப் பொத்தி, "என்னத்தைல பொரிக்கான், செருப்பையா?" என்றாள். புளிக்க வைத்த சோயாக் கட்டி அம்மா, சைவம்தான் என்றான் குமரகுரு. "சைவமா இருந்தா போதுமா, மூக்குன்னு ஒண்ணு இருக்குல்ல." வண்டியில் நண்டு காலை விரித்துக் கிடந்தது, பக்கத்தில் பழம் சீவி வைத்திருந்தது, அதற்குப் பக்கத்தில் பலூன் சுடுகிற கடை. டம்ளரில் பால் டீ, அடியில் கறுப்பு உருண்டை, செண்பகம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "பாயசத்துச் சவ்வரிசியைக் கொண்டுபோய் டீயில போட்டுட்டானே பாவி" என்றாள், ஆனால் கடைசி உருண்டை வரை விடவில்லை. உலகநாதன் கையில் பிள்ளையின் கை இருந்தது, டீயில் பிசுபிசுத்த சின்னக் கை. கூட்டம் இடித்தது, ஒரு நிமிஷம் கை நழுவிற்று, பிடித்துவிட்டார், அந்த ஒரு நிமிஷத்துக்குள் இந்தக் கூட்டத்தில் இவள் தொலைந்தால் போலீஸ்காரன் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று தோன்றிவிட்டது. பிள்ளையின் பேர் என்ன. அவர் என்ன சொல்வார்? சிரிப்பாரா? அம்மா, நீயாவது வந்து சொல்லிவிட்டுப் போயேன் என்று நினைத்தார். அம்மா வந்தாள், வராமல் இல்லை, வெள்ளைக் கல் மூக்குத்தி, புகையிலை அடக்கிய கன்னம், ஏலே நாதா என்று கூப்பிட்டாள், அவர் பேரை அவள் சொல்கிறாள், அவள் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? விளக்கு எல்லாம் ஒன்றோடொன்று கலந்தன. நடக்கிறோமா நிற்கிறோமா என்று தெரியாமல் போனதில், பிள்ளை இழுத்த பக்கம் போய் அவர் நின்றது ஒரு முத்திரைக் கடைக்கு முன்னால்.

சின்ன மேஜை, வரிசையாக விரல் நீளத்துக்குக் கல், ஒவ்வொரு கல் தலையிலும் ஆமை, குதிரை, முயல். கனத்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்து பேர் செதுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, படத்துல இருந்துச்சே, அதே மாதிரி! எனக்கு வேணும், முயல் வச்சது!" வாங்கித் தரேன் என்றான் குமரகுரு. எந்த எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, தெளிவாக எழுதிக் கொடுத்தால் அப்படியே செதுக்குவேன் என்றாளாம் கடைக்காரி. "சீனத்துல வேண்டாம், தமிழ்ல இருக்கட்டும்ங்க" என்றாள் பவானி. குமரகுரு சீட்டையும் பேனாவையும் வாங்கி, ஒரு நிமிஷம் யோசித்து, அப்பா பக்கம் நீட்டினான். "நீங்க எழுதுங்கப்பா. உங்க கையெழுத்து மாதிரி வராது. காலாகாலத்துக்கும் அவகிட்ட இருக்கட்டும்." ஆசையாகத்தான் சொன்னான். பரீட்சை வைக்கிற முகம் இல்லை அது. ஆனால் கேள்வித்தாள் வந்துவிட்டதே. உலகநாதன் பேனாவை வாங்கினார். குனிந்தார். முதலெழுத்து தெரியும், அப்பன் பேர் குமரகுரு, ஆகவே கு, புள்ளி. எழுதினார். அழகாக எழுதினார், பத்திரத்தில் எழுதுகிற மாதிரிச் சுழித்து. புள்ளிக்கு அப்புறம் வெள்ளைத் தாள். மலை இருக்கும், தெரியாது. கை தானாக ஓடாதா, எத்தனை ஆயிரம் பேர் எழுதிய கை, அம்மா பேரையே ஒரு பத்திரத்தில் எழுதியிருக்கிறதே, எழுதிக் கொடுப்பவர் என்று போட்டு, அப்புறம் என்ன, எழுதிக் கொடுப்பவர், எழுதிக் கொடுப்பவர். பேனா முனை தாளில் ஊன்றிக் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தது, பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. கடைக்காரி பார்க்கிறாள். பவானி பார்க்கிறாள். குமரகுரு, "அப்பா?" என்றான். சிரிக்கலாமா என்று பார்த்தார், முகம் வரவில்லை. அழுகைதான் வரும்போல இருந்தது, ஏழு வயசுப் பிள்ளைக்கு முன்னால். எனக்குத் தெரியலடா, என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

"ஏட்டி காந்திமதி! தாத்தா கையில இடிக்காதட்டி, எழுத விடு. தள்ளி நில்லு."

சொன்னது செண்பகம். பிள்ளை இடிக்கவே இல்லை, ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தது, திடுக்கிட்டுப் பாட்டியைப் பார்த்தது. பவானி வாயில் கையை வைத்தாள். "அம்மா! நீங்களா ஆச்சி பேரைச் சொன்னீங்க?" என்றான் குமரகுரு, அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சொன்னா என்ன, நாக்கு அழுகிருமா? கூட்டத்துல ஆச்சி பூச்சின்னா யாரு காதுல விழும். பேரு வச்சது கூப்பிடத்தானே" என்றாள் செண்பகம் வெடுக்கென்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு; காது மடலெல்லாம் சிவந்திருந்தது. அவள் உலகநாதனைப் பார்க்கவே இல்லை. காந்திமதி. அர்ச்சகர் வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது, காலண்டர் நேராகிவிட்டது, விளக்கெண்ணெய் மணக்கிற காதில் மூன்று தடவை, காந்திமதி, காந்திமதி, காந்திமதி. எப்படி இது போயிற்று, எங்கே போயிருந்தது, இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு. உலகநாதன் எழுதினார். காவுக்குக் கால் இழுத்தார், அந்தக் கறுப்புப் பொட்டைக் காவுக்குள் சுழித்து மறைத்துவிட்டார். எழுதும்போதே உள்ளே இருந்த பழைய ஆபீஸ்காரன் சொல்லிவிட்டான், நீ வாயால சொல்லல, சொல்லிக் கொடுத்தது, செல்லாது. செல்லாதுதான். செல்லாது என்று தெரிந்தேதான் அவள் சொன்னாள். அப்படியானால் அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும், இன்றைக்கா, செவ்வாய்க்கிழமையா, பாளையங்கோட்டையிலேயேவா? தெரிந்துகொண்டா நாள் முழுக்கக் கோசையும் பாயசத்தையும் பேசிக்கொண்டு வந்தாள்? நாற்பத்து நாலு வருஷம் காப்பாற்றினதை ஒரு பேனாவுக்காக நடுத்தெருவில் போட்டு உடைத்தாளே. அவருக்கு அவளைக் கும்பிட வேண்டும்போலவும் இருந்தது, எங்கேயாவது ஓடிவிட வேண்டும்போலவும் இருந்தது.

கல்லில் பேர் இறங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. கைக்கு வந்ததும் காந்திமதி குத்தாத இடம் இல்லை, டீ டம்ளரில், பவானியின் பையில், கடைசியில் தாத்தாவின் புறங்கையில், சிவப்பாக, முதலெழுத்தோடு ஆறு எழுத்தும் தெளிவாக. "இனிமே தாத்தா என்னோடது" என்றாள். படத்தில் முத்திரை குத்திய ராஜாக்கள் மாதிரியே. மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டில் கூட்டம் நெருக்கியது. உலகநாதன் நின்றார். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் பிள்ளையின் கையைத் தன் கையிலிருந்து எடுத்துச் செண்பகத்தின் கையில் வைத்தார். "ஆச்சியை நீ பிடிச்சுக்கோ" என்றார். வைத்த பிறகு கை லேசாகிவிட்டது, அது ஒன்றும் நல்ல லேசு இல்லை. செண்பகம் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். ஒரு கையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றினதற்கு அப்புறம் ஊர் பார்க்கப் பிடித்தது இதுதான். "பாத்து இறங்குங்க" என்றாள்.

வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. குமரகுருவும் பவானியும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு எதுவோ பேசினார்கள், என்னத்தைப் பேசினால் என்ன. பிள்ளை பாட்டி மடியில் சாய்ந்து தூங்கிவிட்டது, முத்திரையைக் கைக்குள் வைத்துக்கொண்டு. உலகநாதன் புறங்கையைப் பார்த்தார். வியர்வையில் சிவப்பு கசிய ஆரம்பித்திருந்தது, கு இருந்தது, கா இருந்தது, ந்தி இருந்தது, மற்றது கலங்கலாக இருந்தது. தெரிந்த பேர்தானே, படித்துவிடலாம். கண்ணாடியில் வெளி இருட்டு ஓடியது. செண்பகம் பிள்ளையின் தலையைக் கோதியபடியே, அவர் பக்கம் திரும்பாமல், ரொம்பத் தணிவாக, "எம் பேரு என்ன, சொல்லுங்க" என்றாள். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம், ஏளா, இந்தா, இவளே, அவ்வளவுதான். கேட்டதும் உள்ளே ஒரு நொடி ஒன்றும் இல்லை, சங்கிலி மண்டபம் மட்டும் நீளமாகக் கிடந்தது. அப்புறம் வந்துவிட்டது.

"செண்பகம்" என்றார்.

அவள் மூச்சை விட்டது அவருக்குக் கேட்டது. அதுவரை பிடித்து வைத்திருந்திருக்கிறாள்.

"நாளைக்கும் கேப்பேன்" என்றாள்.